வடக்குப் பார்த்த வாசல்

நீங்க சன்னலோரம் தள்ளி உக்காருங்க, நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். காத்து வேண்டாமுன்னு இல்லீங்க. சன்னலோரம் உக்காந்தா ரோட்டுல போறவனுக்கெல்லாம் மூஞ்சி தெரியும் பாருங்க. ஈரோட்டுல இருந்து அரச்சலூர் தாண்டற வரைக்கும் நமக்குத் தெரிஞ்சவிங்க ஜாஸ்தி. காரு என்னாச்சு, பஸ்ஸுல போறீங்கன்னு ஒருத்தன் கேப்பான், அவன் இன்னொருத்தன்கிட்டச் சொல்லுவான். எதுக்குங்க வம்பு.

காரு இருக்குதுங்க. வெள்ளைக் காரு. அதுதான் வெனையே. திருச்செங்கோட்டுல அந்தக் காரு எங்க நின்னாலும் இந்த அத்தியப்பன் அங்க இருக்கறான்னு ஊருக்கே தெரியும். அதனால காரை ஊட்டு முன்னால நிறுத்திட்டு, பொடக்காலிப் பக்கமா, பின்வாசல் வழியா வெளிய வந்து, ஈரோடு போயி, மத்தியானம் வரைக்கும் ஒரு சினிமாக் கொட்டாயில உக்காந்துட்டு இந்தப் பழனி பஸ்ஸைப் புடிச்சேன். சாமி பாக்கத்தானுங்க. வேற சோலின்னு ஒண்ணுமில்ல. இன்னிக்குப் பொழுது எறங்கற வரைக்கும் நான் ஊருக்குள்ள இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஐயோ, நீங்க நெனைக்கற மாதிரி இல்லீங்க. நான் ஆருக்கும் பணம் தரவேண்டியதில்ல. எனக்குத்தான் ஒருத்தன் தரணும். இந்தா தர்றேன், வாங்கிக்குங்கன்னு தொரத்தறான். அதுதான் ஓடி வந்துட்டேன்.

சிரிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க, தப்பு அவன் மேலயா என்ற மேலயான்னு. நீங்க வெளியூரு, ரெண்டு பக்கமும் தெரியாதவரு. உங்கள மாதிரி ஒருத்தர்கிட்டத்தான் நாயம் கேக்கணும்.

நம்ம தொழில் பைனான்ஸுங்க. ஊடு, மனை, இதுக்கு மட்டும். நகைக்குக் குடுக்கறதில்ல. நகை திருட்டு நகையா இருந்துருச்சுன்னா போலீசு வந்து நிப்பான். மண்ணை எவனும் திருட முடியாது பாருங்க. ஆபீசு போட்டிருக்கறது பேங்குக்கு நேர் எதுத்தாப்பல. ஆரும் ரோசனை சொல்லலீங்க, நானே யோசிச்சுப் புடிச்ச எடம். ஒருத்தன் பேங்குல இருந்து வெளிய வர்றப்பவே எனக்குத் தெரிஞ்சுரும். லோன் கெடைச்சவன் பைலை அக்குள்ல இடுக்கிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிருவான். கெடைக்காதவன் படியிலயே நின்னு, பைலைத் தொறந்து ஒவ்வொரு காயிதமாத் தள்ளித் தள்ளிப் பாப்பான். நான் ஆபீசு வாசல்ல எந்திரிச்சு நிப்பேன். ரோட்டைத் தாண்டி வந்துருவான்.

பேங்குக்காரனைக் கொறை சொல்லலீங்க. நல்ல மனுசன், ஏசி போட்டு உக்கார வெச்சு, சில்லுனு தண்ணி குடுத்து, காலண்டர் குடுத்து, இல்லைன்னு சொல்லுவாரு. சம்பளச் சீட்டு வேணும்பாரு. மனைக்கு அப்ரூவல் வேணும்பாரு. வக்கீல் சர்டிபிகேட்டு வேணும்பாரு. எல்லாம் இருக்கறவன் எதுக்குங்க கடனுக்கு வர்றான்? ஆனா அதே பேங்குல எனக்கு ஓவர்டிராப்டு ஒடனே குடுப்பாரு. என்னையப் பாத்தா எந்திரிச்சு நிப்பாரு. அவரு குடுக்கற பணத்தைத்தான் நான் ரோட்டைத் தாண்டிக் கொண்டுவந்து, அவரு இல்லைன்னு அனுப்பிச்சவனுக்கே குடுக்கறேன். இடையில வட்டி கொஞ்சம் வளரும். ரோட்டைத் தாண்டற சிரமத்துக்குக் கூலி வேண்டாமுங்களா?

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். மனையை நம்ம பேருக்குக் கெரயம் பண்ணிக் குடுத்துரணும். அடமானமில்லீங்க, கெரயம், வித்த மாதிரியே பத்திரம். பணமும் வட்டியும் கைக்கு வர்றன்னிக்குத் திருப்பி எழுதிக் குடுத்துருவேன். அதுக்கு ஒரு நாள் பேசிக்குவோம். அந்த நாளு தாண்டிச்சுன்னா ஊடு நம்முளுது. எழுத்துல ஒண்ணும் இருக்காது, வாய்ப்பேச்சுத்தான். நம்பிக்கைதானுங்களே மூலதனம்.

நம்ம பேருக்குன்னு சொன்னேனே, என்ற பேருக்கில்லீங்க. எங்கூட்டுக்காரி சம்பூரணத்தோட பேருக்கு. எனக்கு மண் யோகமே இல்லைன்னு ஜோசியர் கட்டத்தைப் பாத்ததும் சொல்லிட்டாரு. என்ற பேர்ல ஒரு சாண் மண் இருந்தாலும் நிக்காதாம், அவ பேருக்கு வாங்கினா மலை மாதிரி நிக்குமாம். அன்னையில இருந்து எல்லாம் அவ பேர்லதான். பத்திரம் அவ பேரு, பேங்குக் கணக்கு அவ பேரு, ஆபீசுப் போர்டுகூட சம்பூரணம் பைனான்ஸுன்னுதான் இருக்கும். எங்க ஊர்ல மலைமேல இருக்கற சாமி பொண்டாட்டிக்குப் பாதி ஒடம்பைக் குடுத்தாரு. அவரு பாதிதானுங்க குடுத்தாரு, நான் முழுசையும் எழுதி வெச்சிருக்கறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன். சொன்னா அவ வெக்கப்பட்டுட்டு உள்ள போயிருவா. வெகுளிங்க. பத்திர ஆபீசுல நான் வெரல் வெச்சுக் காட்டற எடத்துல கையெழுத்துப் போடுவா, போட்டுட்டு வந்து கார்ல உக்காந்துக்குவா. எந்த ஊரு ஊடுன்னுகூடக் கேக்க மாட்டா.

பத்திரமெல்லாம் ஊட்டுல பீரோவுலதான் இருக்கும். கண்ணாலத்தப்ப அவ அப்பன் சீராக் குடுத்த இரும்புப் பீரோ. அந்தக் காலத்துச் சாமானுங்க, இன்னிக்கும் தொறந்தா சத்தம் வராது. சாவி இந்தா பாருங்க, என்ற அரணாக் கவுத்துலயே கெடக்குது. கண்ணாலமான நாள்ல இருந்து குளிக்கறப்பக்கூட அவுத்ததில்ல.

சரி, விசயத்துக்கு வர்றேன். இந்தத் தை மாசம் பேங்குப் படியில ஒருத்தன் நின்னுட்டு இருந்தான். வையாபுரின்னு பேரு. ரிக் வண்டியில, அதாங்க போர்வெல் போடற வண்டி, அதுல வேலை. வருசத்துல முக்காவாசி நாளு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர்னு போயிருவான். கூடப் பொண்டாட்டி, கோகிலான்னு. குள்ளமா, பூஞ்சையா ஒரு புள்ள. மோளிபள்ளித் தடத்துல ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கறாங்க. அந்த லேஅவுட்டுக்கு அப்ரூவல் இல்ல. ரிக்ல போறவனுக்குச் சம்பளச் சீட்டு எங்கிருந்து வரும்? பேங்குல இல்லைன்னுட்டாங்க. நான் எந்திரிச்சு நின்னேன், ரோட்டைத் தாண்டி வந்தாங்க.

மனையை வழக்கம்போலக் கெரயம் வாங்கிக்கிட்டு, ஊடு எழும்ப எழும்பப் பணம் குடுத்தேன். பேஸ்மட்டத்துக்கு ஒருக்கா, லிண்டலுக்கு ஒருக்கா, ரூப்புக்கு ஒருக்கா. ஐப்பசி கடைசிக்குள்ள திருப்பிருவேன்னு வையாபுரி சொன்னான். ரிக்காரன் சொல்றது, நமக்குத் தெரியாதா? எத்தனை பேரைப் பாத்திருக்கறோம். எப்படியும் இந்த ஊடு நமக்குத்தான் வந்து சேரும்னு அன்னிக்கே மனசுல பட்டுது.

நமக்கு வரப்போற ஊடுன்னா நமக்குத் தோதா இருக்கணுமா வேண்டாமுங்களா? அவிங்க பிளான்ல ரோட்டைப் பாத்து, கெழக்க வாசல் வெச்சிருந்தாங்க. என்ற ராசிக்குக் கெழக்கு ஆகாது. வடக்க வையுன்னேன். வடக்குல பக்கத்து மனைக்காரனோட சுவருதான் இருக்குது, ஒரு ஆளு பக்கவாட்டுல நடந்து போற அளவுக்குத்தான் சந்து. அதனாலென்ன, ராசி முக்கியமில்லீங்களா? வையாபுரி தலையாட்டிட்டான், லிண்டல் பணம் வரவேண்டியிருந்துச்சு. அந்தப் புள்ள கோகிலாதான் கேட்டா. "ஏனுங்ணா, ஊடு எங்குளுதுங்களா, உங்குளுதுங்களா?"

நான் கோவிச்சுக்கலை. பணம் திரும்பற வரைக்கும் ரெண்டு பேர்த்துதும்தான் அம்மிணின்னு தன்மையாச் சொன்னேன். எங்கூட்டுக்காரியும் அன்னிக்குக் கூட வந்திருந்தா. அந்தப் புள்ளையவே பாத்துட்டு நின்னா.

பொறவு மாடிப்படி. வெளிய வெச்சிருந்தாங்க, நாளைக்கு மேல ஒரு ஊடு கட்டி வாடகைக்கு விடலாம்னு அவிங்க கணக்கு. மழை பேஞ்சா நான் நனைஞ்சுட்டா ஏறறது? உள்ள வையுன்னேன். ஹாலுல பாதியைப் படியே எடுத்துக்குச்சு. ரூப்பு காங்கிரீட் போட்டன்னிக்குக் கம்பி கட்டறவனைக் கூப்பிட்டு, ஹாலுக்கு நடுவுல ரெண்டு கொக்கி வெக்கச் சொன்னேன். ஊஞ்சலுக்குங்க. சின்ன வயசுல இருந்து எனக்கொரு ஆசை, மத்தியானம் சாப்புட்டுட்டு ஊஞ்சல்ல படுத்து, காலால உந்திக்கிட்டே தூங்கணும்னு. இருக்கற ஊட்டுல ஓட்டுக்கூரை, கொக்கி தாங்காது.

உண்மையைச் சொல்றனுங்க, அந்த ஊட்டு மேல எனக்குப் பாசம் வந்துருச்சு. பொழுதோட ஆபீசைச் சாத்திட்டு நேரா அங்கதான் போவேன். வையாபுரி பாதி நாள் ஊர்ல இருக்க மாட்டான். நானே வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுச் சுவத்துக்குத் தண்ணி விடுவேன். கடன் குடுத்தவன் எவனாச்சும் கடன் வாங்கினவன் சுவத்துக்குத் தண்ணி விட்டுப் பாத்திருக்கறீங்களா? பூச்சுல ஒரு கீறல் உழுந்தா எனக்கு நெஞ்சு திக்குனு இருக்கும். கொத்தனாருகிட்ட நான் போட்ட சத்தம், அவன் மொதலாளிகூடப் போட்டிருக்க மாட்டான்.

சம்பூரணத்துக்கும் ஆசைதான். வாய் விட்டுச் சொல்ல மாட்டா, ஆனா தெனமும் போயிருவா. பருப்புச்சோறு, கீரைக் கடைசல்னு அந்தப் புள்ளைக்கும் சேத்துத் தூக்குப்போசில எடுத்துட்டுப் போவா. ரெண்டு பேரும் செங்கல்லு மேல உக்காந்து பேசிட்டே இருப்பாங்க. சமையக்கட்டு வேலை ஆரம்பிச்சப்ப, கல்லு மேடை இத்தனை ஒசரம் வேண்டாம், எறக்கிப் போடுன்னு கொத்தனாருகிட்டச் சொல்லிட்டா. எங்கூட்டுக்காரி நல்ல ஒசரமுங்க, என்னையவிட ரெண்டு வெரக்கடை எச்சு. அவளுக்கு அந்த மேடையில நின்னு வேலை செஞ்சா இடுப்பு போயிரும். ஏன் புள்ள இப்புடின்னு கேட்டேன். சமைக்கறவளுக்குச் சரியா இருக்கும்னா. வயசாக வயசாகக் கூனு உழுகும், அதை இப்பவே நெனைச்சுச் சொல்றா போல இருக்குது, என்ன முன்யோசனைன்னு எனக்குப் பெருமையாப் போச்சு.

கொஞ்சம் ஒரு மாதிரியான மனசுங்க அவளுக்கு. போன வருசம் சங்ககிரியில ஒரு ஊடு இப்புடித்தான் நமக்கு வந்துச்சு. அவிங்க காலி பண்ணிட்டுப் போனதும் பால் காய்ச்சக் கூட்டிட்டுப் போனேன். அடுப்பை மூட்டினா, பால் பொங்குச்சு, டம்ளர்ல ஊத்தி எனக்குக் குடுத்தா. அவ குடிக்கலை. மேல பாத்துட்டே நின்னா. என்னன்னு பாத்தா, விட்டத்துல தொட்டில் கட்டற கொக்கி. அதுல சேலைத் துணி ஒரு முழம் இன்னும் தொங்கிட்டு இருந்துச்சு, அவசரத்துல அவுக்காமப் போயிருக்கறாங்க. வாடகைக்கு வர்றவன் அறுத்துக்குவான், நீ குடின்னேன். சக்கரை இருக்குதுங்க எனக்கு, பால் வேண்டாம்னுட்டா. அவளுக்குச் சக்கரையெல்லாம் கெடையாது. அன்னிக்கு ராத்திரி சாப்புடவும் இல்ல. எதாச்சும் கண்ணு பட்டிருக்கும்னு மந்திரிச்சுக் கூட்டிட்டு வந்தேன்.

காங்கயம் வந்துருச்சா? இருங்க, நான் எறங்கலை, நீங்க வேணா ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. இல்லீங்களா? அப்பச் சரி, இதைச் சாப்புடுங்க. புளிச்சோறு. காலைல அவளே கட்டிக் குடுத்தா. தாராளமா எடுத்துக்குங்க, ரெண்டு வேளைக்கு இருக்குது.

எங்க உட்டேன்? ஆங், ஊடு முடிஞ்சுது. ஆவணியில பெயிண்டும் அடிச்சாச்சு, நான் சொன்ன கலருதான். ஐப்பசி கடைசிக்கு இன்னும் நாளிருக்குது. கார்த்திகையில என்ற நட்சத்திரத்துக்குப் பொருந்தற மாதிரி பால் காய்ச்ச நாளுகூடக் குறிச்சு வாங்கிட்டேன். ஊஞ்சல் பலகைக்குத் தேக்கு சொல்லியாச்சு. அப்பத்தானுங்க இடி உழுந்துச்சு.

வையாபுரி ஆபீசுக்கு வர்றான், வாயெல்லாம் பல்லு. "அண்ணா, பேங்குல லோன் ஆயிருச்சுங்ணா."

எந்த பேங்குடான்னு கேட்டா, அந்த பேங்குதான். எனக்கு நேர் எதுத்தாப்பல இருக்கற பேங்கு. இடையில லேஅவுட்டை வரன்முறை பண்ணிட்டாங்களாம். ரிக் மொதலாளி சம்பளத்துக்குச் சர்டிபிகேட்டு குடுத்துட்டானாம். மேனேஜரே நேர்ல வந்து ஊட்டைச் சுத்திப் பாத்து, பிரமாதமாக் கட்டியிருக்கறீங்கன்னு சொன்னாராம். நான் கட்டினதுங்க அது. நான் தண்ணி விட்ட சுவரு. வெறும் மனையாக் கெடந்தப்ப எட்டிப் பாக்காதவன், எல்லாம் முடிஞ்சு கோலம் போடற நேரத்துல வந்து நிக்கறான். கட்டறப்ப எங்கடா போயிருந்தீங்கன்னு கேக்க ஒரு நாதியில்ல. பத்திரம் சம்பூரணத்தோட பேர்ல இருக்கறதால, அவகிட்ட இருந்து இவன் வாங்கற மாதிரி லோனாம். வட்டியோட சேத்து எனக்குச் சேரவேண்டியதை ஒரே செக்கா, பத்திர ஆபீசுல வெச்சுக் குடுத்துருவாங்களாம்.

எனக்கு மனசு பொக்குனு போயிருச்சு. ஒரு மனுசன் வாங்கின கடனைத் திருப்பிக் குடுக்கறேன்னு சொல்றப்ப இத்தனை வருத்தம் வரும்னு நான் நெனைச்சுக்கூடப் பாத்ததில்லீங்க. வேற எவனா இருந்தாலும் வாங்கிப் போட்டுட்டு அடுத்தவனைப் பாப்பேன். அந்த ஊடு அப்புடியில்ல. வாசல்ல இருந்து கொக்கி வரைக்கும் எனக்குன்னு பொறந்த ஊடு. அதை எவனோ ஒரு ரிக்காரனுக்குத் தூக்கிக் குடுன்னா எப்புடிங்க?

அதனால, மாட்டேன்னு சொல்லலை. மாட்டேன்னு சொன்னா நாம வார்த்தை தவறினவனா ஆயிருவோம். நாளு நல்லால்லைடான்னேன். அடுத்த வாரம் வந்தான், அஷ்டமின்னேன். பொறவு எனக்குக் காய்ச்சல். பொறவு கரூர்ல ஒரு கண்ணாலம். பொறவு ஒறம்பரையில, சொந்தக்காரங்க ஊட்டுல ஒரு எழவு, அதுவும் நெசமாவே நடந்துச்சு, நல்லவேளை. அவன் ரிக்குக்குப் போகாம, தெனமும் ஆபீசு வாசல்ல வந்து நின்னான். பேங்குக்காரங்க லோனை இத்தனாந்தேதிக்கு மேல வெச்சிருக்க மாட்டாங்கண்ணா, ஆசையாக் கட்டின ஊடுங்கண்ணா, கோகிலா மாசமா இருக்கறாங்கண்ணான்னு அழுகாத கொறை. நான் என்ன பண்றது? நாளு நல்லா இருக்கணுமில்லீங்களா.

இன்னிக்குத்தான் ஐப்பசி கடைசி. இன்னிக்குப் பத்திர ஆபீசு மூடிட்டான்னா பேச்சுப்படி ஊடு நம்முளுது. நான் ஏமாத்தலீங்க. பேசின பேச்சு அதுதானே. நாளுக்குள்ள பணம் என்ற கைக்கு வரலை. ஏன் வரலைன்னு ஆரும் கேக்கப்போறதில்ல. நாளைக்கு மலையேறி முருகனைக் கும்பிட்டுட்டு, விபூதியோட ஊர்ல போயி எறங்குனா முடிஞ்சுது.

இந்தப் பழனி ரோசனைகூட சம்பூரணம் சொன்னதுதான். நேத்து ராத்திரி நான் தூங்காமப் பொரண்டுட்டு இருந்தேன். மனசு சரியில்லைன்னா பழனிக்குப் போயிட்டு வாங்களேன்னா. கேட்டதும் எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. வாயைத் தொறந்து சொல்லாட்டியும் என்ற மனசு அவளுக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க. காலைல நேரத்துலயே எந்திரிச்சு இந்தச் சோத்தைக் கட்டினா. துணிமணி எடுத்து வெச்சா. ராத்திரி தங்கிட்டே வாங்க, அவசரமா ஓடியார வேண்டாம்னா. போனை ஆப் பண்ணிக்குங்க, சாமி பாக்கப் போற எடத்துல எதுக்குன்னா. ரேசன் கடையில கேக்கறாங்கன்னு அவ ஆதார் கார்டை மட்டும் கேட்டு வாங்கிட்டா, அது எப்பவும் என்ற மணிபர்சுலதான் இருக்கும். இத்தனை வருசத்துல நான் ஊருக்குப் போறப்ப அவ மொகத்துல அப்புடியொரு தெளிச்சியை நான் பாத்ததே இல்லீங்க. நம்ம ஊடாகப் போகுதுன்னு சந்தோசம்.

போனை நான் ஆப் பண்ணலை. அவன் எத்தனை தடவை கூப்படறான்னு பாக்கணுமில்ல. இந்தா பாருங்க, எல்லாம் வையாபுரிதான். காலைல இருந்து வரிசையா. மத்தியானத்துக்கு மேல ஒண்ணுகூட இல்ல. ஓஞ்சுட்டான் போல. பாவந்தான், என்ன பண்றது.

இது தாராபுரமுங்களா? மணி என்னாச்சு? அட, அப்ப ஆபீசு மூடற நேரம்தான். இருங்க, ஊட்டுக்கு ஒரு போனைப் போடறேன். அவன் வாசல்ல வந்து நிக்கறானான்னு கேட்டுக்கலாம். நீங்க சாப்புடுங்க.

அலோ. சம்பூரணம், நான்தான் புள்ள. என்ன, ஒரே சத்தமா இருக்குது, எங்க இருக்கற? எங்க? பத்திர ஆபீசுலயா? அங்க உனக்கென்ன சோலி?

போட்டுட்டயா? கையெழுத்தா? ஆரு உன்னையப் போடச் சொன்னது? எங்க போடணும்னு நான் காட்டாம நீ எப்புடிப் போட்ட? இரு இரு, பொறு. அசல் பத்திரம் இல்லாம அவன் ரிஜிஸ்தர் பண்ண மாட்டானே. அசலு பீரோவுக்குள்ளல்ல இருக்குது. சாவி இந்தா, என்ற இடுப்புல.

ம். ம்.

செக்கு? ம். ஆரு பேருக்கு? நம்ம கணக்குலதானே? ம். சரி, வை. வையுன்னு சொன்னனல்ல.

ஒண்ணுமில்லீங்க. எனக்கொண்ணுமில்ல. தண்ணி இருந்தா ஒரு மடக்குக் குடுங்க.

எங்க போடணும்னு நான் காட்டாம நீ எப்புடிக் கையெழுத்துப் போட்டேன்னு கேட்டேன் பாருங்க, அதுக்கு அவ சொல்றா, இத்தனை பத்திரத்துல போட்டிருக்கறேன், எடம் தெரியாதுங்களான்னு. சாவியைக் கேட்டதுக்குச் சிரிச்சுட்டுச் சொல்றாளுங்க. "பீரோ எங்கப்பன் குடுத்ததுங்க. சாவி ரெண்டு குடுத்தாரு. ஒண்ணை நீங்க வாங்கி இடுப்புல கட்டிக்கிட்டீங்க. இன்னொண்ணு எங்கேன்னு இத்தனை வருசத்துல நீங்க ஒருநாளும் கேக்கலையே."

கேக்கலைதான். எனக்குத் தோணவே இல்லீங்க.

செக்கு அவ பேருக்குக் குடுத்தாங்களாம், நாளைக்குப் பேங்குல போட்டுருவாளாம். நம்ம கணக்குலதானேன்னு கேட்டேன். என்ற கணக்குலங்கன்னா. வாசலை இடிச்சுக் கெழக்க வெச்சுக்கன்னு அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிட்டாளாம், செலவுக்கு இவ குடுக்கறாளாம். கொக்கியை மட்டும் அறுக்க வேண்டாம், தொட்டிலுக்கு ஆகும்னு சொன்னாளாம். சமையக்கட்டு மேடை அந்தப் புள்ளைக்கு அளவாத்தான் இருக்குதாம். பால் காய்ச்சற அன்னிக்கு நம்மளையும் வரச் சொன்னாங்களாம், அந்தப் பாலை நான் குடிப்பேன்னா. குரல்ல அப்புடியொரு சந்தோசமுங்க. எங்கூட அவ அந்தக் குரல்ல பேசினதே இல்ல.

நீங்க நிதானமா சாமி கும்பிட்டுட்டு வாங்க, இங்க அவசரமில்லைன்னு சொல்லிட்டு வெச்சுட்டா.

அவசரமில்லையாம். பீரோவுல இன்னும் பதினோரு பத்திரம் கெடக்குதுங்க. இன்னிக்குப் பத்திர ஆபீசுல நடந்தது ராத்திரிக்குள்ள அத்தனை ஊட்டுக்காரனுக்கும் தெரிஞ்சுரும். நாளைக்கு எவனும் என்ற ஆபீசு வாசல்ல வந்து நிக்கமாட்டான், நேரா எங்கூட்டு வாசலுக்குப் போயிருவான். சங்ககிரி ஊடும் அதுக்குள்ளதான் இருக்குது. எல்லாம் அவ பேருங்க, ஒண்ணுகூட என்ற பேர்ல இல்ல.

ஏனுங்க, அந்தக் கண்டக்டரைச் சித்தெக் கூப்புடுங்க. நான் இங்கயே எறங்கிக்கறேன். ஈரோட்டுக்குத் திரும்பிப் போற பஸ்ஸு எங்க நிக்கும்னு கேளுங்க. இல்லீங்க, சோறு நீங்களே வெச்சுக்குங்க, எனக்கு எறங்காது. ரெண்டு வேளைக்குக் கட்டியிருக்கறா பாருங்க, நான் ராத்திரிக்கும் திரும்பிரக் கூடாதுன்னு. காலைல அதைக் கையில குடுக்கறப்ப அவ என்ற மொகத்தைப் பாத்துச் சிரிச்சா. எதுக்குச் சிரிக்கறான்னு தெரியாம நானும் கூடச் சிரிச்சேனுங்க.